நொதியும் நெறியும்

இரவு உணவுக்குப் பின் அரிசியையும் உளுந்தையும் அரைத்து, உப்பிட்டுக் கரைத்து, மூடி வைக்கிறாள் ஒரு தாய். விடியும்போது மாவு பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் இரவெல்லாம் உழைத்ததன் பயன் அது. அந்தப் பொங்குதலை எவரும் ஐயுறுவதில்லை.  அதே வீட்டின் மற்றொரு மூலையில் அவள் மகன் மூடி வைத்துள்ள பெரிய கலத்திலும் அதனையொத்த பொங்குதல் ஒன்று நடைபெறுகிறது. அங்கும் நுண்ணுயிர்கள் உழைக்கின்றன. அங்கும் குமிழிகள் எழுகின்றன. ஆயினும் அந்தக் கலத்தைக் கண்டதும் தாயின் முகம் வாடுகிறது. இயற்கையின் செயல் ஒன்றாயிருக்க, மனிதனின் மதிப்பீடு மட்டும் இரண்டானது எவ்வாறு? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா நம் மண்ணில் காலூன்றி நிற்கவேண்டும் என்பதற்காக, கிள்ளானில் அடுக்குமாடி வீடொன்றில் தாயுடன் வாழும் இளைஞன் ஒருவனை மனத்தில் கொள்வோம். பட்டம் பெற்றவன், கோலாலம்பூரில் நல்ல பணியில் இருப்பவன், பிரிக்பீல்ட்சில் நண்பர்கள் உடையவன். அவனுடைய தாத்தா இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவன் தன் ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே பீர் வடிக்கக் கற்றிருக்கிறான். அதிலும் ஹாப்ஸ் மலரின் கசப்பும் மணமும் மிகுந்த பேல் ஏல் என்னும் வகையே அவனுக்கு உவப்பானது.

கலத்தின் கதை

அவன் செய்வது எளிய செயலன்று. 20 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 5 கிலோ வாற்கோதுமை மால்ட் வேண்டும். மால்ட் என்பது முளைவிடச் செய்து, உரிய நேரத்தில் உலர்த்தி, வளர்ச்சியை நிறுத்திய தானியம். அதை நொறுக்கி, 66 பாகை வெப்பத்தை ஒட்டிய நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறான். முளையில் பிறந்த நொதிகள் தானியத்தின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. வெப்பம் மிகுந்தால் நொதிகள் அழியும். குறைந்தால் வேலை முற்றுப்பெறாது.

பின்னர் இனிப்பு நீரை வடித்தெடுத்து ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறான். ஹாப்ஸ் என்பது குளிர்நாட்டில் படரும் ஒரு கொடி. அதன் பெண் மலர்க் கூம்புகளே பீருக்குக் கசப்பளிப்பவை. தொடக்கத்தில் இட்ட ஹாப்ஸ் நீண்ட கொதியில் கசப்பாகிறது; இறுதியில் இட்டது மணமாக நிற்கிறது. ஒரே மலர் நேர வேறுபாட்டால் இரு வேறு பயன் தருகிறது. கொதித்த நீரை விரைந்து குளிர்வித்து, அதில் ஈஸ்டைத் தூவி மூடுகிறான். கிள்ளானின் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். அந்த வெப்பத்தில் ஈஸ்ட் அடங்காது பொங்கி, குடிப்பவர் தலையை வருத்தும் கடுஞ்சுவைகளைப் பிறப்பிக்கும். ஆகவே பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றில் 18 முதல் 20 பாகைக்குள் கலத்தைக் காத்துவருகிறான். ஒன்று அல்லது இரண்டு வாரம் கழிந்தபின், அடர்த்திமானியால் அளந்து, நொதித்தல் முடிந்ததென உறுதி செய்துகொண்டே புட்டியில் அடைக்கிறான். நொதித்தல் முடியுமுன் அடைத்தால் உள்ளே காற்று பெருகிப் புட்டி வெடித்துவிடும். இத்தனையிலும் ஒரு துளி அழுக்குக் கலந்தாலும் அனைத்தும் புளித்து வீணாகும்.

பொறுமை, தூய்மை, அளவு, காத்திருத்தல் ஆகிய நான்கும் இல்லாதவனுக்கு இக்கலை வாய்ப்பதில்லை. நல்லாசிரியன் மாணவனிடம் எதிர்பார்க்கும் பண்புகளும் இவையே அல்லவா? அந்த இளைஞன் தன் செயலில் பெருமை கொள்வது வியப்பன்று.

இலக்கியம் காட்டும் இரு குரல்கள்

இது மேனாட்டார் வழக்கம், தமிழர்க்குத் தொடர்பில்லாதது எனக் கூறி வினாவை முடித்துவிட எண்ணுவோர் உண்டு. அவர்கள் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட அந்நூலில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், இல்லத்தில் ஆக்கிய தோப்பி என்னும் கள்ளைக் குறிக்கிறார். மற்றோரிடத்தில் மது ஆக்கும் முறையையே படிப்படியாக விளக்குகிறார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயையுடைய கலத்தில் ஆறவிட்டு, உரையாசிரியர் கொள்ளும் பொருளின்படி முளையை இடித்துச் சேர்த்து, இரு பகலும் இரு இரவும் வைத்திருந்து, சாடியில் முதிரச்செய்து வடித்தெடுக்கும் முறை அது. கிள்ளான் இளைஞன் செய்வதும் இதன் உறவு முறையே. தானியத்தின் முளைக்கு மாவை இனிப்பாக்கும் ஆற்றல் உண்டென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அதியமானின் மறைவுக்கு அழுத ஔவையார், கள் குறைவாயிருந்தபோது அதைத் தமக்கே தந்தவன் என்றும், மிகுந்திருந்தபோது தாம் பாடத் தானும் உடனிருந்து மகிழ்ந்தவன் என்றும் அவனை நினைவுகூர்கிறார். அங்கே புகழப்படுவது கள்ளா, பகிர்வா? நன்கு நோக்கின் பகிர்வே என்பது விளங்கும். கள் அந்த அன்பின் கலமாக மட்டுமே நின்றது.

மற்றொரு குரல் வள்ளுவருடையது. கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. கள்ளுண்பவர் நாள்தோறும் நஞ்சுண்பவரே என்பதும், பெற்ற தாயும் முகம் சுளிக்கும் செயலைச் சான்றோர் எவ்வாறு பொறுப்பர் என்பதும், பொருள் கொடுத்துத் தன்னை மறக்கும் நிலையை வாங்குவது அறியாமை என்பதும் அதன் கருத்துகள். ஆனால் பலர் கருதாத ஒன்று உண்டு. இவ்வதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில் வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையில் வைக்கப்பட்டுள்ளது. புலால் மறுத்தலைத் துறவறத்தில் வைத்த வள்ளுவர், கள்ளை மட்டும் ஏன் பொருட்பாலில் வைத்தார்? புலாலை விலக்குதல் ஒருவன் உள்ளத்து அருளைப் பற்றியது. கள்ளோ குடும்பத்தின் பொருளையும், ஊரார் மதிப்பையும், கூடி வாழும் வாழ்வையும் பற்றியது. தனிமனிதன் உதட்டோடு முடிந்துவிடாமல், பிறர் வாழ்வில் புகுந்து அழிவு செய்யும் பொருளாகவே வள்ளுவர் அதனைக் கண்டார் எனக் கொள்வது பொருந்தும்.

ஆகவே தமிழ் மரபு ஒரே குரலில் பேசவில்லை. ஒரு குரல் பகிர்வின் இன்பத்தைச் சொல்கிறது. மற்றொன்று பகிரப்படாத துன்பத்தைச் சொல்கிறது. குடிப்பவனின் இன்பத்தை நண்பர் பகிர்ந்துகொள்வர். துன்பத்தையோ மனைவி மக்களே தாங்குவர்.

தோட்டத்துக் கள்ளும் துரைமார் குவளையும்

மலேசியத் தமிழர்க்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டந்தோறும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடந்தன. நாள் முழுதும் உழைத்தவன் லயத்துக்குத் திரும்பும் வழியில் கடை நின்றது. அவன் பெற்ற கூலியில் ஒரு பகுதி அவனுடைய இல்லம் சேருமுன்பே கடைக்குத் திரும்பியது. கள்ளுக்கடை வருவாயில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கெனச் செலவிட்ட வழக்கமும் இருந்தது. ஒரு கையால் நோயைக் கொடுத்து மறு கையால் மருந்தை நீட்டும் இவ்வறத்தை என்னென்பது!

அக்காலத்திலேயே இதனை எதிர்த்தவர் உண்டு. 1921இல் தமிழகத்தில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, தந்தை பெரியார் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1929இன் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்தபோது, சீர்திருத்தக் கருத்துகள் இங்கும் வேர்விட்டன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆர். எச். நாதன் முதலானோர் வழிகாட்டிய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்குத் துணைநின்றது. கூலி உயர்வோடு, வெள்ளையர் எதிர்ப்படும்போது மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்னும் இழிவை நீக்கவேண்டும் என்றும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் அவர்கள் கோரினர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் சுட்டதில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். 1947இல் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை மீண்டும் கள்ளுக்கடைகளின்முன் மறியலில் நின்றது.

தன்மானக் கோரிக்கையும் கள்ளுக்கடைக் கோரிக்கையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதை மாணவர் ஊன்றிக் கருதவேண்டும். தலைநிமிர்ந்து நடக்க விரும்பியவன், தன்னைத் தலைகுனியச் செய்தவற்றுள் ஒன்றாகக் கள்ளுக்கடையைக் கண்டான். அவன் வெறுத்தது பனை தென்னையின் சாற்றையன்று. தன்னை அடிமையாக வைத்திருக்கும் ஏற்பாட்டில் அதற்கு இருந்த பங்கையே.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பேல் ஏல் என்னும் பீரின் வரலாறும் அதே பேரரசின் வரலாறே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு லண்டனில் போ என்னுமிடத்திலிருந்த ஹாட்சன் ஆலையின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஏறி இந்தியா சென்றது. பின்னர் பர்ட்டன் நகரத்து ஆலைகளும் அவ்வணிகத்தில் இறங்கின. திங்கட்கணக்கில் கடலில் அலைந்தும் கெடாமலிருக்க ஹாப்ஸ் துணைசெய்தது. கடல் கடந்து வாழ்ந்த ஆங்கில அதிகாரிகளும் வணிகரும் அதனைப் பருகினர். கோலாலம்பூரில் 1884இல் தோன்றிய சிலாங்கூர் கிளப்பில் துரைமார் குவளை ஏந்தியபோது அது நாகரிகம் எனப்பட்டது. தோட்டத்தில் தொழிலாளி குவளை ஏந்தியபோது அது குடிகேடு எனப்பட்டது. நொதித்தல் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபட்டவை குவளையும் அதை ஏந்திய கையுமே.

இந்த இரட்டை அளவுகோல் துரைமாரோடு கப்பலேறிப் போய்விட்டதா? இல்லை. இன்று படித்தவன் பீரின் மணத்தையும் கசப்பையும் ஆய்ந்து பேசினால் அது கலைநயம். உழைப்பாளி மலிவான சம்சுவை வாங்கினால் அது சமுதாயத்தின் இழிவு. தாத்தாவின் கள்ளுக்கு நாணுகிறவன் பேரனின் பேல் ஏலைப் பாராட்டுவானாயின், அவன் நாணியது குடிக்கன்று, வறுமைக்கே ஆகும். அறம் வறியவனுக்கு ஒன்று, வசதியுள்ளவனுக்கு மற்றொன்று என இருத்தல் இயலாது.

இளைஞனின் வழக்கு

புட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கும் மகனிடம் தாய் ஒரே ஒரு வினாவைக் கேட்பதாகக் கொள்வோம்: "உன் தாத்தா குடித்ததும் புளித்ததுதானே, தம்பி? இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?"

மகன் தன் வழக்கை மூன்று கூறுகளாக எடுத்துரைக்கலாம். முதலாவது, தூய்மை. "கடையில் வாங்குவதில் என்ன கலந்திருக்கிறதென்று யாரறிவார்? நான் செய்வதில் உள்ள ஒவ்வொன்றையும் நானறிவேன், அம்மா" என்பான். இரண்டாவது, திறமை. நுண்ணுயிரியலும் வேதியியலும் கைவினையும் கூடிய செயல் இது. சோம்பலின் பிள்ளையன்று என்பான். மூன்றாவது, உரிமை. தன் வீட்டில், தன் பொருளில், தன் உடலுக்காகச் செய்வதைப் பிறர் தடுப்பது முறையா என்பான். இம்மூன்றையும் எள்ளி நகையாடுவது எளிது. ஆராய்ந்து விடை கூறுவதே நேர்மை.

தூய்மை பற்றிய வாதத்தில் உண்மை உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவை அருந்தி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர். 2024 ஜூனில் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடலினுள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைப் பறிக்கும். பின் உயிரைப் பறிக்கும். காய்ச்சி வடிக்காது, தானியத்தை முறையாக நொதிக்க வைத்த பீரில் இத்தகைய கேடு விளைவதில்லை. ஆனால் நஞ்சில்லாமை வேறு, நன்மை வேறு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுவைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதற் பிரிவில் வைத்தது. நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது. எத்தனைத் தூய கையால் வடித்தாலும் மதுவின் இயல்பு மது என்பதே.

திறமை அறமாகுமா?

இரண்டாம் வாதமே ஆழமானது. நன்றாகச் செய்யப்பட்டது நல்லதாகிவிடுமா? கூர்மையாகத் தீட்டிய கத்தி நல்ல கத்தி என்கிறோம். அது நல்ல செயலுக்குப் பயன்பட்டதா என்பது வேறு வினா. செய்நேர்த்தி பொருளைப் பற்றியது. அறம் அப்பொருள் மனிதரிடையே செய்யும் வேலையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே கற்றவர்க்கு நேரும் தனிப்பெரும் மயக்கம். கள்ளின் மயக்கத்தைத் தெளிவிக்க ஓர் இரவு போதும். இம்மயக்கம் தெளிய ஒரு வாழ்நாளும் போதாமற் போகலாம்.

ஆயினும் திறமையை முற்றிலும் புறந்தள்ளுதல் தகாது. மூன்று வாரம் காத்திருந்து வடித்தவன் அதை ஒரே மூச்சில் விழுங்க விரும்பான். உழைப்பு மதிப்பைத் தருகிறது. மதிப்பு அளவைத் தரக்கூடும். இளைஞனின் பக்கம் நின்று சொல்லத்தக்கவற்றுள் இதுவே வலிமையானது. ஆனால் "கூடும்" என்பதைக் கவனிக்கவேண்டும். கலம் நிறைந்து, வாரம் ஒரு வடிப்பு என வளர்ந்தபின், செய்வதன் இன்பத்துக்காகக் குடிக்கிறானா, குடிப்பதற்காகச் செய்கிறானா என்பதை அவனே அறியாத நாள் வரலாம். கைவினை என்னும் பெயர் பழக்கத்துக்குப் போர்வையாகிவிடும் நாள் அது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதற்கு உதவும் ஒரு கருத்தைத் தருகிறார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இருமடங்கு தண்டனை விதித்த சட்டத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். மயங்கியபின் அவன் தன்வயத்தில் இல்லை. ஆனால் மயங்காதிருப்பது அவன்வயத்தில் இருந்தது. பொறுப்பு குவளை காலியானபின் தொடங்குவதன்று; குவளையை எடுக்குமுன் தொடங்குவது. மது ஆக்குபவனுக்கோ அது இன்னும் முன்னரே, தானியத்தை நீரில் இடும்போதே தொடங்கிவிடுகிறது.

உரிமை பற்றிய மூன்றாம் வாதத்துக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் வலிமை சேர்ப்பவர். 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய நூலில், குடித்தல் என்பது தன்னளவில் சட்டம் தலையிடத் தக்கதன்று என்றே அவர் வாதிட்டார். ஆனால் குடியால் குடும்பத்தைக் காக்கத் தவறியவனும், குடிமயக்கத்தில் பிறரைத் தாக்கியவனும் தன் கடமையை மீறியவர்கள் என்பதையும் அவரே ஏற்கிறார். "என் உடல், என் உரிமை" என்பவன், அவ்வுடலை நம்பியிருப்பவர் எத்தனைபேர் என்பதையும் எண்ணவேண்டும்.

நாட்டின் சட்டமும் கருதத்தக்கது. 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி மது உற்பத்திக்கு உரிமம் வேண்டும். 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கக்கூடாது. சுங்கைவேயிலும் ஷா ஆலமிலும் உள்ள பெரிய பீர் ஆலைகள் உரிமத்தோடு இயங்குகின்றன. உரிமமின்றிச் சமையலறையில் வடிப்பவன், தன் செயல் எத்துணைத் தூயதாயினும், சட்டத்தின் வெளியில் நிற்கிறான். சட்டமே அறத்தின் முழுமை ஆகாது என்பது உண்மை. எனினும் தன் பொழுதுபோக்குக்காகச் சட்டத்தை மீறுபவன், தன்மானத்துக்காகச் சட்டத்தை எதிர்த்த 1941ஆம் ஆண்டுத் தொழிலாளியோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ள முடியாது. ஒருவன் பிறர்க்காக இழந்தான். மற்றவன் தன் இன்பத்துக்காக மீறுகிறான்.

ஆக்குபவன் பொறுப்பு

பிரிக்பீல்ட்சில் 1894 முதல் வேரூன்றி வளர்ந்த பௌத்த மகா விகாரையின் நெறியைச் சற்றே நினைவுகூர்தல் ஈண்டுப் பொருந்தும். பௌத்தம் இல்லறத்தார்க்கு விதித்த ஐந்து சீலங்களுள் மயக்கும் பொருளைத் தவிர்த்தல் ஒன்று. அதனோடு நில்லாது, நல்வாழ்வுக்குரிய தொழிலைப் பற்றிக் கூறுமிடத்தில், மயக்கும் பொருளை விற்பதையும் விலக்கத்தக்க வாணிகங்களுள் ஒன்றாக வைத்தது. குடிப்பது ஒரு வினா. பிறர் கையில் கொடுப்பது வேறொரு வினா என்பதைப் பௌத்தம் பிரித்துணர்ந்தது. கேரளத்தில் ஸ்ரீ நாராயண குரு, கள்ளை நஞ்சென்று கூறி, அதைக் குடிப்பதோடு ஆக்குவதையும் கொடுப்பதையும் விலக்கச் சொன்னார். கள்ளிறக்குதலையே தொழிலாகக் கொண்டோர் மிகுந்த தம் சமூகத்தாரை நோக்கி அவர் இதனைக் கூறினார் என்பதே அதன் பெருமை. பிறருடைய குற்றத்தைக் கண்டிப்பது எளிது. தம்மவர் வாழ்வின் வருவாயையே கேள்விக்குள்ளாக்குவது அரிது.

இவ்விடத்தில்தான் கிள்ளான் இளைஞனின் வழக்கு உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. இருபது லிட்டரைத் தனியொருவன் அருந்துவதில்லை. அருந்தினால் அது வேறு கேடு. அவன் அதை நண்பர்க்குக் கொடுப்பான். தீபாவளிக்கு முந்திய மாலையில் பிரிக்பீல்ட்சு நண்பன் ஒருவன் வீட்டில் நால்வர் கூடுகின்றனர் எனக் கொள்வோம். புட்டி திறக்கப்படுகிறது, நுரை எழுகிறது, மணம் பரவுகிறது, நால்வரும் புகழ்கின்றனர். மூவர் ஒரு குவளையோடு எழுந்து போகின்றனர். நான்காமவன் ஓராண்டுக்கு முன் மிக வருந்திக் குடியை விட்டவன். அதை அவன் எவரிடமும் சொன்னதில்லை, சொல்ல நாணம். நண்பன் கைப்பட வடித்ததை மறுப்பது நட்பை மறுப்பதாகுமோ என்று அஞ்சுகிறான், வாங்குகிறான். அந்த இரவு அவனுக்கு ஒரு குவளையோடு முடிவதில்லை.

குற்றம் யாருடையது? ஆக்கியவன் தீங்கு நினைக்கவில்லை. உண்டவன் வற்புறுத்தப்படவில்லை. சட்டம் இங்கே எவரையும் கைநீட்டிக் காட்டமுடியாது. ஆயினும் ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. பண்டிகை நாளில் ஒரு மனைவி வாசலைப் பார்த்து நிற்கிறாள். தீய நோக்கமின்மை ஒருவனைக் குற்றத்தினின்று காக்கலாம், பொறுப்பினின்று காக்காது. கடைக்காரன் கொடுத்ததை மறுப்பது எளிது. நண்பன் அன்போடு வடித்துக் கொடுத்ததை மறுப்பது அரிது. ஆகவே அன்பின் கை கொடுக்கும்போது பொறுப்புக் குறைவதில்லை, மிகுகிறது. இளைஞன் தன் பீரின் சிறப்பெனக் கருதிய அதே பண்பு, "என் கையால் ஆக்கியது" என்னும் அந்தப் பெருமை, நான்காமவனைக் கட்டிய கயிறாயிற்று.

அதியமானும் பகிர்ந்துகொடுத்தான் அல்லவா என எதிர்வினா எழலாம். அவன் காலத்தில் கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவர் வாழ்வை ஒருவர் அறிந்திருந்தனர். இன்றைய நகர வாழ்வில் ஒரே மேசையில் அமர்ந்து நுரையைப் பாராட்டும் நால்வர், ஒருவர் துயரை ஒருவர் அறியாதிருக்கின்றனர். அறிமுகம் குறைந்த இடத்தில் விருந்து பெருகுவது ஆபத்தானது.

முடிவு

இதுவரை ஆராய்ந்தவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. நொதித்தல் தானே நன்றுமன்று, தீதுமன்று. அது இயற்கையின் தொழில். கைத்திறன் ஒரு செல்வம். ஆனால் எதற்குச் செலவிடப்படுகிறது என்பதைக் கேட்காமல் அதைப் புகழ முடியாது. வறியவன் குடியைப் பழித்து வசதியுள்ளவன் குடியைக் கலையென்பது அறமன்று, செருக்கு. ஆக்குபவன் தன் உதட்டுக்கு மட்டுமன்றி, தான் கொடுக்கும் ஒவ்வோர் உதட்டுக்கும் பொறுப்புடையவன்.

ஆகவே அந்த இளைஞன் தன் கலத்தின்முன் நின்று மூன்று வினாக்களைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு விலை கொடுப்பது யார்? நானா, என்னைச் சார்ந்தவரா? இதை எவரிடமிருந்தேனும் மறைக்கவேண்டியுள்ளதா? தாயிடமிருந்தா, அண்டை வீட்டாரிடமிருந்தா, சட்டத்திடமிருந்தா? நாளையே இதை விட்டுவிட என்னால் இயலுமா? முதல் வினாவுக்குப் பிறர் பெயரும், இரண்டாவதற்கு "ஆம்" என்பதும், மூன்றாவதற்கு "இல்லை" என்பதும் விடையாயின், எத்துணை மணமுடையதாயினும் அந்தக் கலத்தைக் கவிழ்த்துவிடுவதே அறிவு. உரிமமில்லாத அவன் இரண்டாம் வினாவிலேயே தடுக்கி நிற்பான் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அவன் கற்ற பொறுமையும் தூய்மையும் அளவும் அதனால் வீணாகிவிடா. நொதித்தலின் நுட்பம் அறிந்தவனுக்கு அடுமனையும் ஆய்வுக்கூடமும் திறந்தே உள்ளன.

இனித் தாயின் வினாவுக்கு வருவோம். மாவுக் கலமும் மதுக் கலமும் ஒரே இரவில் பொங்கின. விடிந்ததும் தாய் தோசை வார்க்கிறாள். பேரக் குழந்தைக்கு ஒன்று வைக்கிறாள்; எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணிக்கு இரண்டு அனுப்புகிறாள்; வாசலில் வந்து நின்றவருக்கும் ஒன்று தருகிறாள். உண்பவர் யார், அவர் வயதென்ன, சமயமென்ன, அவர் உள்ளத்தில் எந்தப் புண் ஆறாதிருக்கிறது என்று அவள் எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மகனோ தன் கலத்திலிருந்து ஒரு குவளையை நீட்டுமுன் இவையனைத்தையும் விசாரித்தாக வேண்டும். விசாரிக்காமல் கொடுத்தானாயின் அவன் கொடை கொடையாகாது.

நொதி இரண்டு கலத்துக்கும் ஒன்றே. நெறி அந்த விசாரணையில் தொடங்குகிறது.